இரட்டைக் கார்புரேட்டரை இசைவிப்பது எப்படி?



காற்றையும் பெட்ரோலையும் அளவறிந்து கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்புரேட்டரின் வேலை. இங்கிலாந்தில் 1962-ஆம் ஆண்டு வெளிவந்த எம்.ஜி.பி. காரில் நான்கு சிலிண்டர்களும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் இருந்தன. 1980-இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் அதைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உண்டு. இரண்டு கார்புரேட்டர்களும் சமமாக ஊட்டாவிடில், வண்டி நிற்கையில் எஞ்சின் உதறும், பெட்ரோலும் வீணாகும். இக்குறையைக் களைவது எப்படி?

திருகைத் தொடுமுன் வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், மின்பொறி எழும் நேரம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவற்றின் பிழையைக் கார்புரேட்டரால் திருத்த இயலாது. அடுத்து, கார்புரேட்டரினுள் உள்ள பிஸ்டனை உயர்த்தி விட்டால் அது 'டக்'கென்று விழ வேண்டும். அதன் மேற்கூட்டில் எண்ணெய் குறைந்திருந்தால், வேகமெடுக்கையில் எஞ்சின் திணறும்.

இனி, எஞ்சினைத் திறந்த வெளியில் ஓட்டிச் சூடாக்குக. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. மூடிய கொட்டகையில் அது உயிரையே பறிக்கும்.

முதற்படி, காற்று. காற்று வடிகட்டிகளைக் கழற்றி, இரண்டையும் பிணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்துக. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும், மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்தால் 'உஸ்' என்ற ஒலி கேட்கும். இரண்டிலும் அவ்வொலி ஒன்றுபோல் ஆகும்வரை வேகத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்புக.

இரண்டாம் படி, கலவை. ஒரு பிஸ்டனை மட்டும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயர்த்துக. எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் மிகுதி. வேகம் தளர்ந்தால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. அடியிலுள்ள ஆறுபக்க நட்டை மேலேற்றினால் பெட்ரோல் குறையும், கீழிறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பக்க அளவே திருப்புதல் நன்று. மற்றக் கார்புரேட்டரையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

கலவை மாறியதும் காற்றின் அளவும் மாறியிருக்கலாம். ஆகவே குழாயைக் காதில் வைத்து மீண்டும் கேட்க வேண்டும். இறுதியில், இரண்டும் ஒரே நொடியில் திறக்குமாறு தண்டின் பிடிகளை இறுக்குக.

நம் பாடற்குழுவில் ஒருத்தி மட்டும் உரக்கப் பாடினால் பாட்டு சிறக்குமா? கார்புரேட்டரும் அப்படித்தான். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதைக் கேளாதவர் எஞ்சினைக் கெடுப்பார். இங்கே சிறந்த கருவி ஸ்பேனர் அன்று, பொறுமையுள்ள காதே!