வற்றலும் உலர்தலும்

வாடல், உலரல், வற்றல் என்னும் மூன்றினையும் ஒருபொருட் சொற்கள் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் மிளகாயைக் களத்திற் பரப்பும் உழவரும், முற்றத்திற் பரப்பும் மனையோரும் அங்ஙனம் தள்ளுவதில்லை. பறித்த மறுநாள் தோல் சுருங்கின் வாடிற்று என்பர்; மேலீரம் நீங்கின் உலர்ந்தது என்பர்; உள்ளிருந்த நீரும் சுண்டிய பின்னரே வற்றல் என்னும் பெயரை அதற்கு அளிப்பர். துவைத்த துணி உலரும், குளம் வற்றும். துணி வற்றிற்று என்பாரை நாம் கண்டதில்லை. உலர்தல் புறத்து நிகழ்ச்சி, வற்றுதல் அகத்து நிகழ்ச்சி என்க. வீட்டிற் சேமித்த மிளகாயும் பழமும் கெடுவது பெரும்பாலும் உலர்ந்ததனை வற்றியதென்று கொள்ளும் மயக்கத்தாலேயாம்.

மிளகாய் நம் நாட்டிற்குப் புதியது. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, போர்ச்சுகீசியரின் கலமேறி 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. சங்கப் புலவர் அறிந்த காரம் மிளகின் காரமே. அவ்வாறு வந்தது இம்மண்ணிற்கே உரியதாகிவிட்டமைக்கு, இராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றமையே சான்று.

நிற்க. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பழுத்த மிளகாயில் நான்கில் மூன்று பங்கு நீர் எனக் கொண்டால், ஒரு கிலோவில் 750 கிராம் நீர்; 250 கிராமே திடப்பொருள். சேமிக்கும் வற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் ஈரம் நிற்றல் ஆகாது. ஆகவே அந்த ஒரு கிலோ ஏறக்குறைய 280 கிராமாகக் குறைந்தாலன்றி வற்றல் ஆகாது. 350 கிராமில் நிற்கும்போதே தோல் உலர்ந்து கண்ணுக்கு அழகாகத் தோன்றக்கூடும். அப்பொழுதும் நூற்றில் 29 பங்கு நீர் உள்ளே பதுங்கியிருக்கும். அது பதுங்கும் இடம் காம்பின் அடியும் விதை பற்றிய நடுத்தண்டுமாம். எம் பாட்டியார் தராசு பிடிப்பதில்லை. காதருகே குலுக்குவார், விதை கலகலக்க வேண்டும். காம்பை வளைப்பார், மடங்காது ஒடிய வேண்டும். தராசும் அவரும் சொல்வது ஒன்றே.

வெயிலே வற்றச் செய்கிறது என்பது பாதி உண்மை. வெயில் நீரை ஆவியாக்கும். அவ்வாவியை அகற்றுவது காற்று. காற்றுப் புகாத இடத்திற் கடும்வெயில் காய்ந்தாலும் மிளகாய் புழுங்குமேயன்றி வற்றாது. ஆதலின் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் மெல்லிதாகப் பரப்புதலும், நாள்தோறும் கிளறிவிடுதலும் இன்றியமையாதன. வெறுந்தரையினும் கயிற்றுக் கட்டிலின்மேல் மெல்லிய துணி விரித்துப் பரப்புதல் சிறந்தது. கீழிருந்தும் காற்று ஏறும். மாலையில் மூடி வைத்தலைச் சிலர் வீண் வேலை என்பர். அஃது அன்று. பகலெல்லாம் நீர் விட்ட பொருள் இரவுப் பனியில் அதனை மீண்டும் உறிஞ்சும்.

இனி, அரைகுறையாய் உலர்ந்ததை அடைத்து வைப்பதால் வருவது என்ன? பூஞ்சணம். அதனைத் துடைத்தெறிந்து எஞ்சியதை அரைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலைப் பிண்ணாக்கே காரணமெனக் கண்டனர். அப்பூஞ்சணம் விடும் நஞ்சிற்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். அது வேர்க்கடலையோடு நில்லாமல் மிளகாயிலும் அத்திப்பழத்திலும் தோன்றும். கல்லீரலைப் பற்றிப் புற்றுநோய்க்கும் ஏதுவாகும். தாளிப்பதாலும் கொதிக்கவைப்பதாலும் அது முற்றும் அழிவதில்லை, கண்ணுக்குத் தெரிவதுமில்லை. பூத்த வற்றலைக் குப்பையில் இடுவதை ஊதாரித்தனம் என்பாருக்கு வேறு விடை வேண்டுவதில்லை.

பழத்தின் இயல்பு சற்று வேறு. உலர் திராட்சையில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு ஈரம் இருந்தும் அது கெடுவதில்லை. அதன் சர்க்கரை அந்நீரைப் பற்றிக்கொண்டு பூஞ்சணத்திற்குக் கொடாது நிற்கும். எனவே பழ வற்றல் ஒடிய வேண்டுவதில்லை. தோல்போல் வளைந்து, பிழிந்தால் ஈரம் கசியாதிருப்பின் போதும். அபிகாயில் தாவீதிற்குக் கொண்டுசென்ற நூறு திராட்சைக் குலைகளும் இருநூறு அத்திப்பழ அடைகளும் இவ்வகையினவே. சர்க்கரை குறைந்த மாங்காய்க்கு உப்பு அத்தொழிலைச் செய்கிறது.

யாழ்ப்பாணத்தார் செய்யும் பினாட்டு எமக்கு மிக வியப்பளிப்பது. பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த களியைப் பாயில் மெல்லிதாகத் தடவி வெயிலிற் காயவிடுவர். அது காய்ந்தபின் அதன்மேல் மறுபடியும் தடவுவர். இவ்வாறு படைமேல் படையாக ஏற்றி, இறுதியில் உரித்தெடுத்துச் சேமிப்பர். முழுக்களியையும் ஒரே நாளிற் கனமாக ஊற்றினால் மேற்புறம் தடித்துத் தோலாகி, உள்நீர் வெளிவர வழியின்றி அடியிற் புளித்துவிடும். அடுப்பின் அனலில் விரைந்து உலர்த்தும் பழத்துண்டங்களுக்கு நேர்வதும் இதுவே. புறம் முந்தி உலர்ந்தால் அகம் வற்றாது.

ஐயம் தீர்க்க ஒரு வழி உண்டு. வற்றலைச் சூடு ஆறியபின் கண்ணாடிப் புட்டியிலிட்டு இறுக மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்து நாள்தோறும் நோக்குக. உட்புறத்தில் பனித்துளி அரும்பினால் உடனே மீண்டும் வெயிலுக்கு அனுப்புக. துளி அரும்பாத புட்டியை இருண்ட இடத்தில் வைக்கலாம். ஒளி படின் மிளகாயின் நிறம் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளிற் பெரும்புட்டியை அடிக்கடி திறவாமல், வேண்டியதைச் சிறு கலத்தில் முன்னரே எடுத்து வைத்துக்கொள்க.