தூர தேசத்து மார்க்கமா?



கரியாஹாட்டில் நாம் நடத்தும் ஞாயிறு வகுப்பில் இளைஞர் ஒருவர், "கிறிஸ்து மார்க்கம் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த சரக்குத்தானே, ஐயா?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. சணல் ஆலையில் நாம் தறி ஓட்டிய நாளில், பஞ்சசீலம் ஏற்ற நம்மைப் பார்த்து, "உமக்கு ஏன் ஐயா சீனாக்காரன் சாமி?" என்று தோழர் சிலர் ஏளனம் செய்தது நினைவுக்கு வந்தது. நம்மைச் சுட்ட சொல்லை நாம் பிறர்மீது வீசலாமா? ஆகவே, சரித்திரம் கூறுவதை ஆராய்வோம்.

இயேசு ஆசியாக் கண்டத்தவர். ரோமருக்குக் கீழ்ப்பட்டிருந்த யூத இனத்தவர். தச்சர் குடும்பத்தில் வளர்ந்தவர். கி. பி. 30-ஐ ஒட்டி, பொந்தியு பிலாத்து என்னும் ரோம ஆளுநனின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டார். அவருடைய முதற்சீடருள் மீனவர் இருந்தனர். மேற்கே அம்மார்க்கத்தைப் பரப்பிய பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. ரோமர் அமைத்த சாலைகளும், எங்கும் வழங்கிய கிரேக்க மொழியும், நகர்தோறும் இருந்த யூதர் செபக்கூடங்களும் அவருக்குத் துணைநின்றன. அக்காலத்துக் கிறிஸ்தவர் வீடுகளிலே கூடினர். அடிமைகளும் அவர்களோடு கூடி அப்பம் பகிர்ந்தனர். விதவைகளையும் நோயாளிகளையும் பொதுநிதியால் காத்தனர். ஏறக்குறைய 300 ஆண்டுகள் அவர்களுக்கு ரோம அரசின் ஆதரவு இல்லை. அவ்வப்போது கொடுந்துன்பமே கிடைத்தது. 313-இல் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்தில் வழிபாட்டுரிமை பெற்றனர். 380-இல் அவர்கள் மார்க்கம் ரோமின் அரச மதமாயிற்று.

கிழக்கிலும் அது பரவிற்று. ஆர்மேனிய மன்னன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதனை ஏற்றான். அந்நாட்டு வணிகர் 1724-இல் எழுப்பிய நாசரேத்துக் கோயில் நம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. பாரசீகக் கிறிஸ்தவர் கடல் வாணிபத்தோடு தென்திசை வந்தனர். இலங்கையிலும் மிளகு விளையும் மலைநாட்டிலும் கிறிஸ்தவர் இருந்ததைக் கி. பி. 550 அளவில் காஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் எழுதிவைத்தார். புத்த விகாரைகள் நிறைந்த அனுராதபுரத்தில் 1912-இல் பழைய சிலுவைக் கல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே நிகழ்ந்தவை இவை.

இனி, நாம் கூர்ந்து நோக்கவேண்டிய சான்று ஒன்று உண்டு. 849-இல் வேணாட்டு அய்யனடிகள், கொல்லத்தில் மருவான் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேட்டில் சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளிலும் கையொப்பமிட்டுள்ளனர். பல நாட்டார் ஒருங்கே வாழ்ந்த அழகு அது. ஆனால், அப்பள்ளிக்கு ஈழவர், வண்ணார் முதலிய உழைக்கும் குடும்பங்களும் ஒப்படைக்கப்பட்டன. அடிமையோடு அப்பம் பகிர்ந்தோர் வழிவந்த மார்க்கம், உழைப்பாளரையே தானமாகப் பெறும் நிலைக்கு வந்தது.

இதைக் கண்டு நாம் மார்தட்ட இடமில்லை. நம் விகாரைகளுக்கும் நிலத்தோடு ஏவலாளர் அளிக்கப்பட்டதை இலங்கையின் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மகதத்தில் தோன்றிய நம் தம்மமும் நெடுவழி நடந்தே தமிழகம் வந்தது.

ஆகவே, அவ்விளைஞருக்கு நாம் கூறிய விடை இதுவே: ஒரு மார்க்கம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் உழைப்பவனை எவ்வாறு நடத்திற்று என்பதே தக்க கேள்வி. அக்கேள்வி நமக்கும் உரியது. நாளை நம் சங்கத்துக்கு நிலமும் நிதியும் சேருமாயின், கூடத்தைப் பெருக்குகிறவர் நம் பந்தியில் எங்கே அமர்வார்? இதனை இன்றே நம்மை நாம் கேட்டுக்கொள்வோமாக.