தூசியின் கணக்குக்கு எந்த முறை?

சஹாராவில் எழும் தூசியில் ஏறத்தாழ 2 கோடியே 77 லட்சம் டன் ஆண்டுதோறும் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமேசான் வனத்தில் படிகிறதென்றும், அதனோடு சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அம்மண்ணுக்குக் கிட்டுகிறதென்றும், செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2015-இல் மதிப்பிட்டார்கள். இத்தகைய சத்து வரவைப் புவி அமைப்பு மாதிரியில் கணிக்க முற்படுபவர், எந்த முறை நுட்பத்தில் மேலானது என்று ஆராய்வதற்கு முன், தாம் கேட்கும் கேள்வி இன்னதென்று நிச்சயித்துக்கொள்வது நல்லது.

முன்னரே கணித்த மாதாந்தரப் படிவு வரைபடத்தைக் கடலுக்கும் காட்டுக்கும் ஊட்டிவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். கடல் உயிரியல் பகுதியை மட்டும் சோதிப்பவருக்கு இதுவே போதும். ஆனால் 2019-20-இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை தென் சமுத்திரத்தில் இரும்பைத் தூவித் தாவர நுண்ணுயிர்களைப் பெருகச் செய்ததே, அதுபோன்ற சம்பவம் எதற்கும் இவ்வரைபடம் அசைந்துகொடுக்காதாகையால், எதிர்காலத்தை ஆராய்பவருக்கு இதனால் பிரயோஜனமில்லை.

அடுத்தது, துறையினர் பல்க் என்று வழங்கும் முறை. தூசியைச் சில பருமன் பிரிவுகளாகவும், சல்பேட், கரி முதலியவற்றை எடையாகவும் மட்டுமே இது சுமந்து செல்லும். அமேசானுக்கு எவ்வளவு பாஸ்பரஸ் என்பதுபோன்ற மொத்த வரவுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் தூசியிலுள்ள இரும்பைக் கரையவைக்கும் அமிலம் அதன்மேல் படிவதை இதில் காண்பது அரிது.

அமிலப் படிவைக் காண விரும்புகிறவர் மோடல் முறையை நாட வேண்டும். உதாரணமாக, மாம்4 என்னும் திட்டம் துகள்களை நான்கு பருமன் தொகுதிகளாக்கி, ஒரே துகளில் தூசியும் சல்பேட்டும் கலந்திருக்க இடந்தருகிறது; தொகுதியின் அகலத்தை மாற்ற முடியாதென்பதுதான் இதன் குறை. அந்தக் குறையும் கூடாதென்பவர்க்கு, துகள்களைப் பல பருமன் கூறுகளாகப் பிரிக்கும் செக்‌ஷனல் முறை உண்டு. ஆனால் 20 பருமன் கூறுகளும் 6 பொருள்களும் வைத்தால் 120 அளவுகளைக் காற்றோடு காற்றாய் நகர்த்த நேர்ந்து, கணினிச் செலவு மலைபோல் வளர்ந்துவிடும்.

இரும்பின் விஷயத்தில் இன்னொரு தேர்வும் காத்திருக்கிறது. பாலைவனத் தூசியின் எடையில் சுமார் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு இரும்பு. எனினும் புறப்படும் இடத்தில் அந்த இரும்பில் நூற்றில் ஒரு பங்குகூட நீரில் கரைவதில்லை. வழியில் அமிலமும், மேகத்துளியிலுள்ள ஆக்சலேட்டும் அதைச் சிறிது சிறிதாகக் கரையவைக்கின்றன; எரிபொருட் புகையில் வரும் இரும்போ ஆரம்பத்திலேயே எளிதில் கரைகிறது. கரைதிறனை ஒரே எண்ணாக வைப்பவருடைய கணக்கு ஆப்பிரிக்கக் கரையருகே ஓரளவு பொருந்தினாலும், இரும்புக்கு ஏங்கும் வட பசிபிக்கிலும் தென் சமுத்திரத்திலும் தவறிவிடும். இவ்விரசாயனத்தை முற்றும் சேர்க்க இயலாதவர்க்கு, 2019-இல் வெளியான மிமி என்னும் இடைநிலைத் திட்டம் துணைபுரியும்.

என் அபிப்பிராயம் இது: தூசி எவ்வளவு எழுகிறது, அதில் எவ்வளவு கரைகிறது என்பவற்றிலுள்ள ஐயம், பருமனை எத்தனை கூறாகப் பிரிப்பது என்பதிலுள்ள ஐயத்தைக் காட்டிலும் பெரிதாதலால், இரும்பை ஆராய்பவர் மோடல் முறையோடு இடைநிலை ரசாயனத்தைச் சேர்த்துக்கொண்டு, மிச்சமாகும் கணினி நேரத்தை மாறுபட்ட அனுமானங்களோடு பலமுறை ஓட்டிப் பார்ப்பதில் செலவிடுவதே விவேகம். எம்முறையைக் கைக்கொண்டாலும், பார்படாஸ் தீவில் 1960-களிலிருந்து அளந்துவரும் தூசிப் பதிவோடும், கப்பல்களில் சேகரித்த கரையும் இரும்பின் அளவுகளோடும் ஒப்பிட்ட பின்னரே அதன் விடையை ஏற்க வேண்டும்.