குறை சொல்ல ஒன்றும் இல்லாத பெண்ணுக்கு

காரக்கோணம்

பிரியமுள்ள மக்களே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இசிஜி தாளைப் பார்த்தேன். இருதயத்தில் ஒரு கோளாறும் தெரியவில்லை. “கேஸாக இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கேஸுக்கு விரல் நுனி மரத்துப் போகாது. இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றவும் செய்யாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, எப்போதோ அனுப்பி முடித்த மெயிலைத் திரும்பத் திறந்து வாசிக்கிறாய் என்பதை அந்த டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய்.

உன் அம்மா பாறசாலைச் சந்தையில் உன் பேச்சை எடுத்தால் கேட்க நாலு பேர் நிற்கிறார்கள். டெக்னோபார்க்கில் டீம் லீட், வீட்டுக் கடனும் தம்பியின் பீஸும் மாதம் பிறந்தால் தவறுவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பார்கள். கேட்பார்களே என்றுதான் நீயும் வாயைத் திறக்கவில்லை.

நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயசிலேயே பழகிவிடுகிறது. 1956 நவம்பர் 1-இல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடு மெட்ராஸ் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஒரு சொல் பிசகினால் “பாண்டி” என்று சிரிப்பார்கள். அதனால் பேசும் முன்னே வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்வோம். மீட்டிங்கில் நீ இன்றைக்கும் அதைத்தான் செய்கிறாய், இப்போது ஆங்கிலத்தில்.

இங்கே மெடிக்கல் காலேஜுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, சோமர்வெல் டாக்டர், அவர் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்தவர், எவரெஸ்டில் ஏறப் போனவர் என்பது வரைதான் எல்லோரும் சொல்வார்கள். 1924 ஜூன் 4-ஆம் தேதி, ஆக்சிஜன் இல்லாமல், நார்ட்டன் என்பவரோடு ஏறிப் போனார். ஏறக்குறைய 28,000 அடியில் மூச்சு முடியாமல் நின்றுவிட்டார். நார்ட்டன் இன்னும் கொஞ்சம் போய் 28,126 அடி தொட்டுத் திரும்பினார். இறங்கும்போதுதான் சங்கதி. குளிரில் வெந்த தொண்டைச் சவ்வு உள்ளே கழன்று சோமர்வெல்லின் மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. முன்னால் போகிறவரைக் கூப்பிடக் குரல் இல்லை. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டனுக்கு இதெல்லாம் தெரியாது. சோமர்வெல் படம் வரைகிற ஆள், பின்தங்கினதும் ஏதோ காட்சியை வரைய நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் சோமர்வெல் தன் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கி இருமினார், அடைப்பு வெளியே வந்தது, பிழைத்தார். எல்லோருக்கும் அப்படித் தானாக வெளியே வந்துவிடாது, மக்களே. உன் வீட்டில் எல்லோரும் நார்ட்டன்தான். பாசம் இல்லாதவர்கள் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறவர்கள்.

இந்தப் பயம் இருப்பதால்தான் ஒன்றுக்கு மூன்று தரம் சரிபார்க்கிறேன், அதனால்தான் இந்த இடத்துக்கு வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு. வார்டில் நடுங்குகிற நர்சுகளைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி ஒரே ட்ரிப்பை ஐந்து தரம் போய்ப் பார்ப்பாள். அடுத்த கட்டிலில் பாட்டில் காலியாகி ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருக்கும். வேலையைச் செய்வது உன் படிப்பும் கையும். பயம் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டு பெயர் வாங்குகிறது.

இனி செய்ய வேண்டியது. முதலில் டிஎஸ்எச்சும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடு. தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். அது சரியாக இருந்தால் சைக்கியாட்ரி ஓபி. ஊளம்பாறை என்று நினைத்து நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. 1870-இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அது. அதன் பெயரை நாம் வசவாக்கி வைத்துவிட்டோம். இப்போது அந்த வைத்தியம் எந்த மெடிக்கல் காலேஜிலும் மற்ற ஓபிகளோடு ஒரு ஓபிதான். மாத்திரை எழுதினால் குணம் தெரிய ரெண்டு வாரம், நாலு வாரம் ஆகும்; மூன்றாம் நாளே பலிக்கவில்லை என்று நிறுத்தாதே. மாத்திரை வேண்டாம், பேச்சு வைத்தியம் போதும் என்று சொன்னாலும் சொல்வார்கள். கூட்டாளி தருகிறாளே, அந்த அல்பிரசோலத்தைக் கேட்டு வாங்கிப் போடாதே. உடனே அடங்கும், பிறகு அது இல்லாமல் தூங்கமுடியாது. இதுவரை எத்தனை போட்டாய் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படாதே. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி டாக்டர் உன் விஷயத்தை ரகசியமாக வைத்தாக வேண்டும். உடம்பு நோய்க்கு இன்சூரன்ஸ் தருவதுபோல மன நோய்க்கும் தரவேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடி. காசு வேண்டாம், தமிழிலேயே பேசலாம்.

ஜெபிக்கச் சொல்வார்கள், கண்ணேறு கழிப்பார்கள். வேண்டாம் என்று சண்டை பிடிக்காதே. அதற்காக ஓபியைத் தள்ளிப் போடவும் செய்யாதே.

இந்தச் சனிக்கிழமை காலையில் என்னிடம் வா, சேர்ந்தே போகலாம். சீட்டு எடுக்க நான் நிற்கிறேன். அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பதை மட்டும் முன்னாடியே எழுதிவிடு. நான் சொன்னால் அழுவாள், அதைப் பார்த்துக்கொள்வேன்.

உன் சித்தி