தொய்வின் அளவு

மாணவர்களே, மாலை வேளையில் வைட்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் நின்றால், பங்காருப்பேட்டை வழியாகக் கோலார் தங்கவயலுக்குச் செல்லும் ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தமிழ்க் குரல்கள் கேட்கும். காலையில் வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். இவர்களுடைய பாட்டனாரும் முப்பாட்டனாரும் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்ய வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து அங்குக் குடியேறியவர்கள். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன.

தங்கவயலில் மற்றொரு தொழிலும் உண்டு. 1964இல் தொடங்கப்பட்ட பெமல் என்னும் பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் கொமட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் அங்கே புல்டோசர்களைத் தயாரித்தது. அந்த ரயில் பாதையில் ‘பெமல் நகர்’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. நம் பாடத்தில் வரும் பெரியவர் தங்கவயலில் பிறந்தவர். பல ஒப்பந்தக்காரர்களிடம் புல்டோசர் மெக்கானிக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது கடுகோடியில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய பேத்தி என் வகுப்பு மாணவி.

ஒரு சனிக்கிழமை, வீட்டுமனைகளுக்காக நிலத்தைச் சமன்செய்யும் திடல் ஒன்றில் பழைய புல்டோசரைச் சரிபார்க்க அவரை அழைத்திருந்தார்கள். மேற்பார்வையாளரின் அனுமதியோடு நானும் பேத்தியும் உடன் சென்றோம். முதல் நாள் மழை பெய்திருந்தது. செம்மண் காலில் அப்பிக்கொண்டது. வண்டி நின்ற இடத்தில் மட்டும் மண் அதிகம் அமிழவில்லை.

“தாத்தா, நம்முடைய ஸ்கூட்டர்கூட இந்தச் சேற்றில் புதைந்துவிட்டதே! இவ்வளவு பெரிய வண்டி ஏன் புதையவில்லை?” என்று கேட்டாள் பேத்தி.

அவள் கேட்டது 120 ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கர் எதிர்கொண்ட கேள்வி. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்னும் ஊரருகே ஆற்றுப்படுகை நிலம் பஞ்சு போல மென்மையானது. உழுவதற்குக் கொண்டுவந்த நீராவி வண்டிகளின் சக்கரங்கள் அதில் புதைந்தன. சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கியும் பயனில்லை. பெஞ்சமின் ஹோல்ட் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் கோத்த சங்கிலித் தடங்களைப் பொருத்தினார். 1904ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அந்த வண்டி புதையாமல் ஓடியது. கம்பளிப்புழு ஊர்வதைப் போல அது ஊர்ந்ததால் ‘கேட்டர்பில்லர்’ என்ற பெயர் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 டன் எடையுள்ள வண்டி ஒன்றில் ஒவ்வொரு தடமும் 270 செ.மீ. நீளத்திற்கும் 50 செ.மீ. அகலத்திற்கும் மண்ணைத் தொடுவதாகக் கொள்வோம். இரண்டு தடங்களுக்கும் சேர்த்துப் பரப்பு 27,000 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ. மண்ணின் மீது விழும் எடை முக்கால் கிலோ அளவுதான். காரின் டயர் ஒரு சதுர செ.மீ. மண்ணை இரண்டு கிலோ அளவில் அழுத்துகிறது. யானை போன்ற புல்டோசர், காரைவிட மெல்ல மண்ணை மிதிக்கிறது!

நம் நாட்டிலும் இத்தகைய வண்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற தடச்சங்கிலி டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கப்பட்டது. நடு இந்தியாவில் ‘காஸ்’ என்னும் நாணற்புல் ஆழ வேரோடி, விளைநிலங்களை விழுங்கியிருந்தது. மாட்டு ஏர் அந்த வேரை எட்டாது. அந்த நிலங்களை மீட்க மேலும் டிராக்டர்கள் வாங்குவதற்கு 1949இல் உலக வங்கி இந்தியாவுக்கு ஒரு கோடி டாலர் கடன் தந்தது.

திடலுக்குத் திரும்புவோம். பெரியவர் முதலில் வண்டியைச் சமதரையில் சிறிது தூரம் முன்னோக்கி ஓட்டச் சொன்னார். பிரேக்கை மிதிக்காமல் அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார். முன்சக்கரத்தின் மேலும் அதற்கு அடுத்த மேல் உருளையின் மேலும் படுமாறு, சங்கிலியின்மீது நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்தார். பட்டைக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தார். அதுவே தொய்வு.

“இருபது முதல் முப்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் அறுபது இருக்கிறது. வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும் கண்ணு, கையேட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடாது” என்றார்.

“தொய்வே இல்லாமல் நன்றாக இழுத்துக் கட்டிவிட்டால் என்ன தாத்தா?”

“உன் சைக்கிள் செயினை அப்படிக் கட்டினால் மிதிக்க முடியுமா?”

அவர் விளக்கியதை நான் சுருக்கித் தருகிறேன். தடச்சங்கிலியின் கண்ணிகளை இணைப்பவை ‘பின்’ என்னும் இரும்புத் தண்டுகள். ஒவ்வொரு பின்னும் ‘புஷ்’ என்னும் குழலுக்குள் இருக்கிறது. பின்னால் உள்ள பற்சக்கரம் இந்தக் குழல்களைப் பற்றித்தான் சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி இறுக்கமாக இருந்தால் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி இந்தத் தேய்மானத்திற்கே செலவாகும். தளர்வாக இருந்தாலோ வண்டி திரும்பும்போது சங்கிலி சக்கரத்திலிருந்து நழுவிவிடும். சரிவில் நிற்கும்போது ஒரு பக்கச் சங்கிலி கழன்றால், அந்தப் பக்கத்தில் இழுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

தேயத் தேயக் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது. இரும்பு நீளவில்லை, துளைகள்தாம் அகலமாகின்றன. ஒரு கண்ணியில் இரண்டு மி.மீ. கூடினாலும், நாற்பது கண்ணிகளில் எட்டு செ.மீ. ஆகிவிடும். தேய்மானம் ஒரு பக்கத்தில்தான் நிகழும் என்பதால், பழைய சங்கிலிகளைப் பிரித்துப் பின்னையும் புஷ்ஷையும் பாதிச் சுற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி சில காலம் ஓட்டுவார்கள். சட்டைக் காலரைத் திருப்பித் தைத்து உடுத்திய எங்கள் தலைமுறைக்கு இது உடனே விளங்கும்.

பேத்தி ஒரு குச்சியால் சங்கிலியில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள். பெரியவர் தடுத்தார். ஈரமண் பற்சக்கரத்தின் பல்லிடுக்குகளில் அடைந்துகொண்டால் சங்கிலி தானாகவே இறுகிவிடும். மண்ணைத் துடைத்துவிட்டு அளவு வைத்தால், மறுபடி சேற்றில் இறங்கியதும் அது அளவுக்குமேல் இறுகும். எந்த நிலத்தில் வேலையோ அந்த நிலத்தின் மண்ணோடுதான் அளக்க வேண்டுமாம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதையும் துடைத்துவிட்டு அளப்பதுதான் முறை என்று எண்ணியிருந்தேன்.

மிகப் பழைய வண்டிகளில் மரையிட்ட நீண்ட தண்டு ஒன்று இருக்கும். ஆளுயர ஸ்பேனரால் அதைத் திருகி முன்சக்கரத்தை நகர்த்துவார்கள். இந்த வண்டியில் அந்த வேலையைக் கிரீஸ் செய்கிறது. பெரியவர் கிரீஸ் கன்னால் ஒரு சிறு வால்வின் வழியே கிரீஸைச் செலுத்தினார். உள்ளே உள்ள உருளைக்குள் அது நிறைய நிறைய, முன்சக்கரம் மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்ந்தது. தொய்வு குறைந்தது. வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி மறுபடி அளந்தார். பதினைந்து! சற்று அதிகமாக இறுகிவிட்டது. இனிக் கொஞ்சம் கிரீஸை வெளியே விட வேண்டும்.

அப்போதுதான் அவர் எங்களைப் பத்தடி பின்னால் போகச் சொன்னார். தாமும் வால்வுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று, அதை ஒரே ஒரு சுற்று மட்டும் தளர்த்தினார். கிரீஸ் மெல்ல வழிந்தது.

“தாத்தா, மெதுவாகத்தானே வருகிறது? ஏன் இவ்வளவு பயம்?”

பெரியவர் தம் இடக்கையை நீட்டினார். சுட்டுவிரல் அடியோடு இல்லை. வண்டியில் சிக்கி நசுங்கியது என்றுதான் வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தனர்.

“நசுங்கவில்லை கண்ணு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இந்த வால்வில் கசிகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. வலிகூட இல்லை. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் விரல் வீங்கிக் கறுத்தது. கிரீஸ் உள்ளே போய்விட்டது, உடனே வந்திருந்தால் அறுத்துச் சுத்தம் செய்திருக்கலாம் என்றார் டாக்டர்.”

“அப்புறம் ஏன் நசுங்கியது என்று சொன்னீர்கள்?”

“நசுங்கியது என்றால் விபத்து. தொட்டுப் பார்த்தேன் என்றால் என் தவறு. சொல்ல வெட்கமாக இருந்தது.”

பேத்தி ஒன்றும் பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வால்வை இறுக்கியபின் மூன்றாம் முறை அளந்தபோது இருபத்தைந்து இருந்தது. அந்த எண்ணை அவளே பட்டையருகே குனிந்து படித்துச் சொன்னாள்.

திரும்பும் வழியில், ஐட்லர் என்று அவர்கள் அழைக்கும் முன்சக்கரத்திற்கு நல்ல தமிழ்ச்சொல் தேடினேன். பெரியவர் சிரித்தார். “ஐட்லர் என்றால் சும்மா இருப்பவன் என்று ஒரு சார் சொன்னார். செயினை நேராகப் பிடித்து வைப்பதே அதுதான். சும்மாவா இருக்கிறது?” என்றார். அந்தச் சொல்லை உங்களிடமே விடுகிறேன்.

பயிற்சி

அ. ஈரமண்ணைத் துடைக்காமல் தொய்வை அளப்பது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

ஆ. 45 கிலோ எடையுள்ள மாணவனின் இரு காலடிகளும் சேர்ந்து 300 சதுர செ.மீ. மண்ணைத் தொடுகின்றன. ஒரு சதுர செ.மீ. மீது விழும் எடையைக் கணக்கிட்டுப் பாடத்தில் உள்ள புல்டோசருடன் ஒப்பிடுக.

இ. தொய்வு, தளர்வு, நெகிழ்வு: இச்சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைக்க.

ஈ. பெரியவர் உண்மையைப் பல ஆண்டுகள் மறைத்தது சரியா? பேத்தியின் இடத்தில் நீங்கள் இருந்தால் அவரிடம் என்ன கேட்டிருப்பீர்கள்?

உ. ஐட்லருக்கு ஒரு தமிழ்ச்சொல் உருவாக்கி, அதைத் தேர்ந்ததற்கான காரணத்தை வகுப்பில் கூறுக.

ஊ. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய தொழிலில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வருக.