மின்னாக்கிக்குக் காந்தமூட்டும் கருவி: பழுதறிதலும் உறுப்பு மாற்றுதலும்

பொத்தானை அழுத்துகிறோம், அறை ஒளி பெறுகிறது. அவ்வொளி, வீழும் நீரோ நீராவியோ சுழற்றும் யந்திரத்தினின்று வந்ததென்று பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆனால் சுழற்சி மாத்திரம் மின்சாரத்தைப் பிறப்பிக்குமோ? பிறப்பியாது. காந்தமும் வேண்டும். கம்பிச்சுருளைக் கடக்கும் காந்தவிசை மாறுந்தோறும் அச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை 1831-ஆம் ஆண்டில் பாரடே என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

பெரிய ஜெனரேட்டர்களில், சுழலும் பாகமாகிய ரோட்டரின் கம்பிச்சுருளில் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைச் செலுத்தி அதனைக் காந்தமாக்குவர். இதற்குரிய அமைப்பே எக்ஸைட்டேஷன் எனப்படும்; காந்தமூட்டும் அமைப்பு என நாம் கூறலாம். இவ்வோட்டம் மிகுந்தால் ஜெனரேட்டரின் வோல்ட் அளவு உயரும், குறைந்தால் தாழும். ஊரார் செலவிடும் மின்சாரம் கணந்தோறும் மாறுதலின், காந்தமூட்டும் ஓட்டத்தையும் கணந்தோறும் திருத்தல் வேண்டும். அத்தொழிலைச் செய்யும் காவலனே ரெகுலேட்டர்.

முற்காலத்தில் ஜெனரேட்டரின் அச்சிலேயே பூட்டிய ஒரு சிறு டைனமோ இம்மின்சாரத்தைத் தந்தது. 1957-ஆம் ஆண்டில் தைரிஸ்டர் என்னும் கருவி வெளிவந்தபின், நகரும் உறுப்பே இல்லாத அமைப்புகள் தோன்றின. அவற்றை ஆள்பவை, அலமாரியில் வரிசையாகச் செருகப்பட்ட சிறு கார்டுகள். பல ஆலைகளிலும் மின்னிலையங்களிலும் முப்பது நாற்பதாண்டு உழைத்த இத்தகைய அமைப்புகள் இன்றும் உள. அவற்றின் கார்டுகள் பல இப்பொழுது உற்பத்தியாவதில்லை. ஆதலின் கையிருப்பில் உள்ள ஒவ்வொன்றும் அருமையானது.

நிற்க. யந்திரம் தடுமாறியவுடன் கார்டைக் கழற்றி வேறொன்றைச் செருகுதல், நாடி பாராமல் மருந்து கொடுத்தலை ஒக்கும். ஓர் உதாரணம் காண்க. ஜெனரேட்டரின் வோல்ட் அளவை ரெகுலேட்டருக்கு உணர்த்துவது பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மர். அதன் பியூஸ் ஒன்று போய்விட்டால், வோல்ட் குறைந்ததென்றே ரெகுலேட்டர் எண்ணும். எண்ணிக் காந்தமூட்டும் ஓட்டத்தைப் பெருக்கும். அளவு எல்லை கடக்கும். காண்போர் ரெகுலேட்டரைக் குற்றஞ்சாட்டுவர். அதுவோ, தனக்கு வந்த பொய்ச் செய்திக்கு மெய்யாகக் கீழ்ப்படிந்தது. புதிய கார்டும் அவ்வாறே செய்யும். மற்றோர் உதாரணம்: யந்திரம் முழுவேகத்தில் சுழன்றும் வோல்ட் எழவில்லை. தொடக்கத்தில் சிறிது காந்தமூட்டித்தரும் பாட்டரி ஓய்ந்திருக்கலாம். ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். ஆகவே முதலிற் பார்க்கத்தக்கவை பியூஸ், பாட்டரி, கரித்துண்டு, கார்டுகளுக்கு மின்சாரமளிக்கும் பகுதி, இணைப்பு முனைகளில் ஏறிய களிம்பு ஆகியனவே. இவையெல்லாம் செவ்வையாயிருந்தால் பிறகே கார்டை ஐயுறுக. கார்டிலும், நாட்பட்ட மின்தேக்கிகள் உலர்ந்து வலியிழத்தல் அடிக்கடி நேர்வதொன்று.

கார்டை மாற்றவே நேர்ந்தால் கைக்கொள்ள வேண்டிய முறைகள் வருமாறு.

முதலாவது, உயிர்க்காப்பு. யந்திரத்தை நிறுத்தி, மின்வழிகள் யாவற்றையும் துண்டித்துப் பூட்டி, மின்சாரம் இல்லையென்பதைக் கருவியால் அளந்தறிக. மின்தேக்கிகளில் தங்கிய மின்சாரத்தை வடித்துவிடுக. கரண்ட் டிரான்ஸ்பார்மரில் ஓட்டம் இருக்கையில் அதன் இரண்டாஞ் சுற்றை ஒருபோதும் திறந்து விடலாகாது. உயிர் போக்கும் வோல்ட் அங்கே எழும்.

இரண்டாவது, பழைய கார்டின் நிலையைக் குறித்துக்கொள்க. அதன் திருகுகள் நின்ற இடம், சிறு இணைப்புத் துண்டுகள் பொருந்திய விதம், பதிப்பு எண் ஆகிய யாவும் குறிக்கப்படல் வேண்டும். பெயர் ஒன்றாயினும் பதிப்பு வேறாயின் குணமும் வேறாகலாம். பழைய அளவுகளைப் பெறாத புதுக் கார்டு, பழைய பழுதைப் போக்கிப் புதிய பழுதைத் தரும்.

மூன்றாவது, நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரமே நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்க வல்லது. எனவே மணிக்கட்டில் நிலத்தொடர்புள்ள பட்டை அணிந்தே கார்டைத் தொடுக.

நான்காவது, படிப்படியாகச் சோதிக்க. ஜெனரேட்டரை வெளிச்சுமையோடு இணைக்குமுன், கையாட்சியில் வோல்ட்டை மெல்ல உயர்த்துக. பின்னர்த் தானியக்கத்திற்கு மாற்றுக. மாற்றுங்கால் இரண்டின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் வோல்ட் திடுமெனத் தாவும். அதன்பின் குறித்த அளவைச் சிறிது மாற்றி, வோல்ட் விரைந்து அமைதியுறுகிறதா, ஊஞ்சல்போல் ஆடுகிறதா என நோக்குக.

ஐந்தாவதைப் பலர் மறப்பர். எல்லை காக்கும் உறுப்புகளையும் பாதுகாப்பு ரிலேக்களையும், யந்திரம் பெருஞ்சுமை தாங்கும் நிலைக்கேற்பச் சோதித்தல் வேண்டும். மறந்தால் விளைவது யாது?

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வெப்பம் மிகுந்திருந்தது. உயர் அழுத்த மின்கம்பிகள் தாழ்ந்து மரங்களைத் தொட்டு, மின்வலையினின்று துண்டிக்கப்பட்டன. வீழும் வோல்ட்டைத் தாங்கும் பொறுப்பு, கொலம்பியா நதியின் மக்னாரி அணையிலுள்ள ஜெனரேட்டர்கள்மேல் விழுந்தது. அவை காந்தமூட்டும் ஓட்டத்தை உயர்த்தின. உயர்த்தவே, எக்ஸைட்டரைக் காக்க வைத்த ரிலேக்கள் தவறாக இயங்கி, 13 ஜெனரேட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கின. மேற்கு மாகாணங்களின் மின்வலை துண்டுதுண்டாயிற்று. ஏறத்தாழ 75 இலட்சம் இணைப்புகள் மின்சாரமிழந்தன. அந்த ரிலேக்கள் மாத்திரமே காரணமல்ல. ஆயினும் தாங்க வேண்டிய தூண் சாய்ந்தது அவற்றாலேயே. அமைதியான நாட்களில் அவை வாளாவிருந்தன. அவற்றின் குற்றம் எவர் கண்ணிலும் படவில்லை.

மாணவ நண்பர்களே! பழுதின் வேரைக் காணாமல் உறுப்பை மாற்றற்க. மாற்றிய உறுப்பைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தாமல் நம்பற்க. அலமாரிக்குள் உறங்கும் சிறு கார்டு ஒன்றின் பின்னே, மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரும், விளக்கொளியில் பயிலும் சிறுவரும் உளர். அவர்கள் நம் பெயரை அறியார். எனினும் நம் கைவேலையை நம்பியே விளக்கேற்றுகின்றனர்.