மனுவை யாருக்கு எழுதுகிறாய்?

புனே

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மனுவின் வரைவைப் படித்தேன். புகையிலை, உப்பு, திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய், மாத்திரைத் தட்டுப்பாடு என எல்லாவற்றையும் சொல்லி, 'மக்களின் இதயத்தைக் காக்க அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடித்திருக்கிறாய். உன் அக்கறை வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் இதைக் கையில் வாங்கும் அதிகாரி எந்தக் கோப்பில் சேர்ப்பார்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் கையெழுத்துப் போடுவார்? அதற்கு மனுவில் பதில் இல்லை. நான் இருக்கிற இந்த ஊர்ப்பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். அதற்கப்புறம் நீயே திருத்திவிடுவாய்.

மகாராஷ்டிரத்தில் பீடி, சிகரெட்டைவிட வாயில் போடும் புகையிலைதான் பெரும் பிரச்சினை. 2016-17ஆம் ஆண்டுப் புகையிலைக் கணக்கெடுப்பில், இங்கே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் புகைப்பவர்கள் 3.8 சதவீதம், புகையில்லாப் புகையிலை போடுபவர்கள் 24.4 சதவீதம். பெட்டிக்கடை வாசலில் சற்று நின்றாலே கண்ணால் பார்க்கலாம். உள்ளங்கையில் புகையிலைத் தூளைக் கொட்டி, சின்ன டப்பியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டுவைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மறுகையால் இரண்டு தட்டுத் தட்டி, கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வார்கள். கிராமத்துப் பெண்களிடம் மிஷ்ரி என்று ஒன்று உண்டு. புகையிலையை இரும்புத் தட்டில் கருகக் கருக வறுத்துப் பொடித்து, அந்தக் கரிப்பொடியால் பல் தேய்ப்பார்கள். காலையில் பல் விளக்கும்போதே ஈறு வழியாக நிகோடின் இரத்தத்தில் ஏறிவிடும்.

புகையிலை என்றதும் நாம் வாய்ப்புற்றுநோயைத்தான் நினைக்கிறோம். ஆனால் நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரை, மெல்லும் புகையிலைக்கும் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியது. உன் மனுவில் புகையிலைப் பத்தி முழுக்கப் புகையைப் பற்றியே இருக்கிறது. அதை மாற்று.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். மகாராஷ்டிர அரசு 2002 ஆகஸ்ட் 1 முதல் ஐந்தாண்டுகளுக்கு, பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவைத் தடை செய்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2001 நவம்பரில் தடை போட்டிருந்தது. கம்பெனிகள் வழக்குக்குப் போயின. 2004 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தடைகள் செல்லாது என்றது. குட்கா நல்லது என்றா சொன்னது? இல்லவே இல்லை. 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில், மாநில உணவு அதிகாரிக்கு உள்ளது ஓர் இடத்தில் திடீரென்று வரும் ஆபத்தைச் சமாளிக்கும் அதிகாரம்தான்; ஒரு பொருளையே ஆண்டுக்கணக்கில் தடை செய்ய அது போதாது என்றது. நோக்கத்தில் பழுதில்லை, பிடித்த பிரிவுதான் தவறு. தீர்ப்புக்குப் பிறகு குட்கா கடைக்குத் திரும்பி வந்தது, கயல். அந்த இடைவெளியில் புதிதாகப் பழகிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சட்டம் மாறியதும் வழி பிறந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011இல் வந்த ஒழுங்குமுறைகளும் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தன. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்கிறது அதில் 2.3.4ஆம் விதி. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு புகையிலை எதிர்ப்பாளர்கள் மாநிலம் மாநிலமாகப் போனார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் பங்கஜ் சதுர்வேதி போன்ற அறுவை மருத்துவர்கள், புகையிலையால் பாதிக்கப்பட்ட நோயாளிகளையே ஆட்சியாளர்கள் முன் பேசவைத்தார்கள். 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் தொடங்கியது. ஜூலையில் மகாராஷ்டிரம் தடை போட்டது. மாணிக்சந்த் குட்காவை உலகறியச் செய்த தாரிவால் நிறுவனம் எங்கள் புனேயைச் சேர்ந்தது. அது மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் செப்டம்பரில் நீதிமன்றம் அரசின் தடையை இடைக்காலமாக நிறுத்திவைக்க மறுத்துவிட்டது. நோயாளிகளின் கண்ணீரும் விதி எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையரின் தடை ஓராண்டுக்கு மேல் செல்லாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். 2013இல் தமிழ்நாடு போட்ட தடையும் இந்த வகைதான். இப்படித் தற்காலிக ஆணையைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரந்தரத் தடையாக்க முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆகவே தற்காலிக ஆணையை நம்பி 'குட்காவை ஒழியுங்கள்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6ஆம் இனம். அதைச் சுட்டிக்காட்டி, சட்டமன்றமே தனிச் சட்டம் இயற்றட்டும் என்று கேள். அந்த மனு சுகாதாரத் துறை அமைச்சருக்குப் போக வேண்டும். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நகல் கொடு.

மாத்திரை விஷயம் வேறு. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, கணக்குக் கேட்கிற ஆள்கள் வேண்டும். 2007இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ், ஊர் மக்களே ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. மகாராஷ்டிரத்தில் அதை ஒருங்கிணைத்தது புனேயில் இயங்கும் 'சாத்தி' அமைப்பு. புனே, நந்துர்பார், அமராவதி, தாணே, உஸ்மானாபாத் ஆகிய ஐந்து மாவட்டங்களில் தொடங்கினார்கள். ஊர்க்குழு கேள்வி கேட்டு மதிப்பெண் போடும். பிறகு ஜன்சுன்வாயி என்ற மக்கள் விசாரணையில் டாக்டரையும் அதிகாரிகளையும் எதிரில் உட்காரவைத்துப் பேசும். 'மருந்து சரியாகக் கிடைப்பதில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அங்கே எடுபடாது. எந்த நிலையம், எந்த மருந்து, எந்தத் தேதி, யார் திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னால் அதிகாரி அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து இரத்த அழுத்த மாத்திரை தருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். உங்கள் தெருவிலேயே விசாரி. அம்லோடிபின் மாதம் தவறாமல் வருகிறதா, எந்த மாதம் விட்டுப்போனது, அப்போது அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்களா, மாத்திரையையே விட்டுவிட்டார்களா என்று ஒரு நோட்டில் எழுது. பெயர் வேண்டாம், தெருவும் மாதமும் போதும். அந்த மனு மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தனியாகப் போகட்டும்.

உப்பும் எண்ணெயும் இப்போதைக்கு இருக்கட்டும். பாக்கெட் தின்பண்டத்தின் மேல் என்ன அச்சிட வேண்டும் என்பது டெல்லியில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்வது. அதற்கு வேறொரு கடிதம் எழுதலாம். முதலில் இந்த இரண்டு மனுவையும் பிரித்து எழுதி அனுப்பு. சட்டமன்றக் கூட்டத்தொடர் எப்போது என்றும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் சித்தி